துணை வண்டியில் இருப்பவர் யார்?

மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் செல்லத் திட்டமிடுவோர் எழுதும் ஆயத்தப் பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. நான்கு மாதப் பயிற்சி. வாரத்துக்கு இத்தனை கிலோமீட்டர், இத்தனை மீட்டர் ஏற்றம். பற்சக்கரங்களின் விகிதம், டயரின் அகலம். மாற்று டியூப், சங்கிலிக் கண்ணி, பிரேக் கட்டை. உப்பு-சர்க்கரைக் கரைசல், பல்ஸ் ஆக்சிமீட்டர், இறக்கத்தின் குளிர்காற்றைத் தாங்கும் கையுறை. பட்டியலின் கடைசிப் பகுதியில், பம்புக்கும் தார்ப்பாய்க்கும் நடுவே ஒரு வரி: ‘துணை வண்டி – 1’.

அந்த ‘1’ என்னும் எண்ணுக்குள் ஒரு மனிதர் அடங்கியிருக்கிறார். சில வேளைகளில் இருவர். சைக்கிளோட்டியின் உறக்கம், உணவு, இதயத்துடிப்பு, உயர இசைவு ஆகியவை நாள்வாரியாகக் கணிக்கப்படுகின்றன. வண்டியோட்டியின் உறக்கம் எவ்விடத்தும் குறிக்கப்படுவதில்லை. இது வெறும் மறதி எனில் பொறுத்துக்கொள்ளலாம். கல்வி நிலையங்களின் பெயரால் புறப்படும் விழிப்புணர்வுப் பயணங்களிலும், ‘தனி மனித சாதனை’ என விளம்பப்படும் பயணங்களிலும், ஒவ்வோர் ஆண்டும் இதே மறதி இதே இடத்தில் நிகழ்கிறது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் நிகழும் மறதியை மறதி என்று அழைப்பது பொருந்தாது. அது ஒரு வழக்கம், கண்டிக்கத்தக்க வழக்கம்.

முதலில் பாதையைப் பார்க்க வேண்டும். மணாலி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து லே செல்லும் சாலை ரோத்தாங், பாரலாச்சா லா, நகீ லா, லாச்சுலுங் லா, டாங்லாங் லா என ஐந்து கணவாய்களை ஏறி இறங்குகிறது. ரோத்தாங் 3,978 மீட்டர். டாங்லாங் லா 5,300 மீட்டருக்கும் மேல். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் மோட்டார் வண்டிகளுக்கு ரோத்தாங் ஏற்றத்தை நீக்கியது. ஏனைய நான்கும் அப்படியே நிற்கின்றன. டாண்டியின் எரிபொருள் நிலையத்தருகே, அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என அறிவித்த பலகை அவ்வழி சென்றோர் அனைவரும் அறிந்தது. அந்த எண் அச்சாலையின் தன்மையை உணர்த்தப் போதும். கோடையின் சில மாதங்களில் மட்டும் கூடாரங்களாக எழும் தாபாக்கள், படைமுகாம்கள், சாலைப் பணியாளரின் குடில்கள். இவற்றைத் தவிர அங்கு வேறில்லை.

இத்தகைய சாலையில் துணை வண்டி வேண்டும் என்பது நியாயமான தேவை. மலைநோய் கண்டவரை உடனே கீழே இறக்க வண்டி வேண்டும். குடிநீர், கூடாரம், குளிராடை ஆகியவற்றைச் சுமக்க வண்டி வேண்டும். வண்டி வேண்டும் என்பதில் வழக்கில்லை. வண்டி தானே ஓடுவதாகக் கருதும் மனநிலையோடுதான் வழக்கு.

வண்டியோட்டியின் ஒரு நாளை எழுதிப் பார்த்தால் இது விளங்கும். சைக்கிளோட்டிகள் காலை ஆறு மணிக்குப் புறப்பட வேண்டும் எனில், அவர் நாலரை மணிக்கே எழ வேண்டும். உறைபனியில் கிடந்த டீசல் எஞ்சினைச் சூடேற்ற வேண்டும். மூட்டைகளைக் கட்ட வேண்டும். குடுவைகளில் நீர் நிறைக்க வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் சைக்கிள் மணிக்கு ஆறு முதல் எட்டு கிலோமீட்டர் வேகத்தில் நகரும். பின்தொடரும் வண்டி முதல் கியரில், கிளட்சைப் பாதி மிதித்தபடி, அதே வேகத்தில் ஊர்ந்தாக வேண்டும். முன்னே செல்பவருக்கும் கடைசியில் வருபவருக்கும் இடையே இரண்டு மணி நேர இடைவெளி விழுவது சாதாரணம். வண்டி கடைசியில் வருபவரோடுதான் வரும். மாலை நான்குக்குச் சைக்கிளோட்டி காலை நீட்டிப் படுக்கும்போது, ஓட்டுநரின் நாளின் மூன்றாம் பகுதி தொடங்குகிறது: மூட்டை இறக்குதல், கூடாரம் அடிக்கக் கைகொடுத்தல், கிளட்சையும் டயரையும் சோதித்தல், நாளைக்கு நீர் எங்கே கிடைக்கும் எனத் தாபாக்காரரிடம் விசாரித்தல். இரவு எட்டு மணிக்கு முன் இவை முடிவதில்லை. மொத்தம் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல். இப்படி எட்டு முதல் பத்து நாள்கள்.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வேலைக்கு வரம்பு கட்டியது. நெடுந்தொலைவுத் தடங்களில் உரிய ஒப்புதலோடு நாளுக்கு 10 மணி வரை நீட்ட இடமளித்தது. ஐந்து மணி நேர வேலைக்குப்பின் அரைமணி ஓய்வைக் கட்டாயமாக்கியது. ஓய்வு இடைவேளைகளையும் சேர்த்து வேலைநாளின் மொத்த நீளம் 12 மணி நேரத்தைத் தாண்டலாகாது என்றது. இன்று அச்சட்டம் 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் கரைந்துவிட்டது. ஆனால் அது உயிரோடு இருந்த காலத்திலும், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. கடன் வாங்கி ஒற்றை வண்டி ஓட்டுபவரையும் அவரிடம் கூலிக்கு ஓட்டுபவரையும் அது தொடவில்லை. சட்டம் தொடாத இடத்தில் பயணத்தை ஏற்பாடு செய்பவரின் மனச்சான்று ஒன்றே காவல். அந்தச் சான்று ஆயத்தப் பட்டியலில் தென்படவில்லை.

அடுத்தது உயரம். 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாள்களுக்கு ஒரு முறை ஏறாமல் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொது அறிவுரை. சைக்கிளோட்டிகள் இதைப் படித்திருக்கிறார்கள். இதற்கென ஓய்வுநாள் ஒதுக்குகிறார்கள். மருத்துவரைக் கேட்டு அசெட்டசோலமைடு வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஜிஸ்பாவிலிருந்து சர்ச்சுவுக்கு ஒரே நாளில் போனால் உறங்குமிடம் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஓட்டுநரும் அதே ஜிஸ்பாவில், அதே சர்ச்சுவில் உறங்குகிறார்; பெரும்பாலும் வண்டியின் இருக்கையில். அவருடைய விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்ப்பவர் அரிது.

கேட்டால் ஆயத்தமாக ஒரு விடை வரும்: அவர் மலைக்காரர், அவருக்குப் பழக்கம். இவ்விடை அறிவியல் போலத் தோன்றும் அலட்சியம். மணாலியில் வாழ்பவரின் உடல் 2,050 மீட்டருக்குப் பழகியது. 4,600 மீட்டர் உயரத்துப் பாங்கிற்குப் பழகியதன்று. மேலே சில நாள் தங்கிப் பெற்ற இசைவும், கீழே இறங்கிச் சில வாரங்கள் இருந்தால் தேய்ந்துவிடும். மலைநோய் கண்ட சைக்கிளோட்டி வண்டியில் ஏறி அமர்ந்துகொள்ளலாம். தலைவலியும் குமட்டலும் கண்ட ஓட்டுநர் எதில் ஏறி அமர்வது? ஒருபுறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமான சாலையில், தூக்கமற்ற, உயிர்வளி குறைந்த மூளையோடு அவர் அனைவரையும் ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டும். அவருடைய நலத்தைக் கணக்கில் கொள்ளாத திட்டம், எல்லோருக்குமான இறுதிப் பாதுகாப்பையும் கணக்கில் கொள்ளாத திட்டமே ஆகும்.

இம்மறைவுக்கு மொழியும் துணைபோகிறது. தமிழ் இலக்கணம் கருத்தாவை இயற்றுதற் கருத்தா, ஏவுதற் கருத்தா என இரண்டாகப் பகுத்தது. தச்சன் கோயில் கட்டினான், அரசன் கோயில் கட்டினான் என்னும் இரு தொடர்களும் பள்ளிக்கூட எடுத்துக்காட்டுகள். இரண்டிலும் வினைமுற்று ஒன்றே, உழைப்பு ஒன்றல்ல. இன்னாரின் பெயரைச் சொல்லி அவர் சைக்கிளில் இமயத்தைக் கடந்தார் என எழுதும்போது, மிதித்தல் என்னும் வினைக்கு அவரே இயற்றுதற் கருத்தா என்பதில் ஐயமில்லை. ஆனால் கடத்தல் என்பது மிதித்தலோடு முடிவதில்லை. சுமத்தல், நீர் கொணர்தல், காத்தல், காத்திருத்தல் என்னும் வினைகளும் அதற்குள் உண்டு. அவற்றுக்கு அவர் ஏவுதற் கருத்தா மட்டுமே. ஒற்றை வினைமுற்று இரண்டையும் அவர் கணக்கில் வரவு வைத்துவிடுகிறது.

உடனிகழ்ச்சிப் பொருளில் வரும் ‘ஒடு’ உருபு உயர்ந்தோர் பெயரைச் சாரும் என்பது தொல்காப்பியம் தரும் விதி. அரசனோடு சேவகர் வந்தனர் என்பதே முறை. சேவகரோடு அரசன் வந்தான் என்பது அன்று. இன்றைய பயணக் குறிப்புகள் இவ்விதியை மீறுவதாகத் தோன்றினும் அதனினும் கொடிய ஒன்றைச் செய்கின்றன. ‘ஓட்டுநருடன் சென்றார்’ என எவரும் எழுதுவதில்லை. ‘துணை வண்டியுடன் சென்றார்’ என்றே எழுதுகின்றனர். உயர்திணை அஃறிணைக்குள் ஒடுங்கிவிடுகிறது. சேவகருக்காவது அத்தொடரில் ஓர் இடம் இருந்தது.

‘தனி’ என்னும் அடைமொழியின் நிலையும் இத்தகையதே. நெடுந்தொலைவுச் சைக்கிள் உலகம் இச்சொல்லைக் குறித்துத் தெளிவான விதிகளை வகுத்திருக்கிறது. ஆடாக்ஸ் மரபின் பிரெவே பயணங்களில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும் 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். சோதனைச் சாவடிகளுக்கு இடைப்பட்ட வழியில் தனக்கெனத் துணை வண்டியைப் பின்தொடர விட்டால் தண்டனை உண்டு. அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் ‘ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா’ பந்தயத்திலோ ‘தனிநபர்’ பிரிவில் ஓட்டுபவருக்கும் துணைக்குழு இருந்தே ஆக வேண்டும். அங்கே ‘தனி’ என்பதன் பொருள் மிதிப்பவர் ஒருவர் என்பது மட்டுமே. அது விதிப்புத்தகத்தில் எழுதப்பட்ட பொருள், எவரையும் ஏமாற்றாது. இமயப் பயணம் குறித்த அறிவிப்புகளோ முதல் மரபின் பெருமையையும் இரண்டாம் மரபின் வசதியையும் ஒருசேரக் கோருகின்றன. சொல் ஒன்று, பொருள் இரண்டு. நடுவில் காணாமற் போகிறவர் ஓட்டுநர்.

இங்கே தூய்மைவாதிகள் குறுக்கிடுவர். துணை வண்டியே இழுக்கு. தன் சுமையைத் தானே சுமந்து செல்வதே உண்மைப் பயணம் என்பர். 1923இல் பம்பாயிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்ட பார்சி இளைஞர் அறுவரை மேற்கோள் காட்டுவர். அவர்களுள் மூவர் 1928இல் துணை வண்டி ஏதுமின்றிச் சுற்றி முடித்துத் திரும்பினர் என்பது உண்மை. அத்துணிவு போற்றத்தக்கது. எனினும் இவ்வாதம் சிக்கலைத் தீர்க்கவில்லை, இடம் மாற்றுகிறது. சுமையைத் தானே சுமப்பவரும் பாங்கில் தாபா நடத்தும் பெண்மணி சமைத்த சோற்றை உண்கிறார். ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர் சல்லியும் தாருமிட்டுச் செப்பனிட்ட சாலையில் செல்கிறார். எவரையும் சாராத பயணம் அச்சாலையில் இல்லை. சார்பு இழுக்கன்று, சார்பை மறைப்பதே இழுக்கு. அறுபது வயதினரும், இழைப்பு நோய் உள்ளவரும், முதன்முறை மலையேறுபவரும் வண்டித் துணையோடு டாங்லாங் லாவை அடைய முடிகிறது எனில், அது அவ்வண்டி செய்த நன்மை. நன்மை செய்தது வண்டியன்று, அதை ஓட்டியவர் என்று கூறுவதற்கு மட்டும் ஏன் நா எழவில்லை?

அடுத்த வாதம், அவருக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது என்பது. இவ்வாதம் கல்விச் சூழலில் சற்று நாகரிகமாக ஒலிக்கும். ஒப்பந்தம், சேவை, சந்தை விலை என்னும் சொற்களை உடுத்திவரும். ஆனால் பேசப்பட்ட விலை எதற்கு? பொதுவாக மணாலி முதல் லே வரை ஒரு வண்டி, இத்தனை நாள், எரிபொருள் உட்பட என்பதே பேச்சு. அந்தத் தொகையில் நாளுக்குப் பதினைந்து மணி நேரம் என்பது பேசப்பட்டதா? வண்டிக்குள் உறங்குவது பேசப்பட்டதா? நோயுற்றவரை நள்ளிரவில் இறக்குவது பேசப்பட்டதா? லேயிலிருந்து ஆளின்றித் திரும்பும் நாள்களுக்கான கூலி பேசப்பட்டதா? பேசப்படாதவற்றை எல்லாம் ‘அவர் நல்ல மனிதர், முகம் சுளிக்கவே இல்லை’ என்னும் பாராட்டால் ஈடுகட்டுவது சுரண்டலின் இனிய வடிவம். முகம் சுளித்தால் அடுத்த ஆண்டு அழைப்பு வராது என்பது அவருக்குத் தெரியும், பாராட்டுபவருக்கும் தெரியும்.

அச்சாலையிலேயே இதற்கொரு சாட்சி இருக்கிறது. சர்ச்சுவைக் கடந்து நகீ லாவுக்கு ஏறுகையில் ‘காட்டா லூப்ஸ்’ எனப்படும் 21 கொண்டையூசி வளைவுகள் வருகின்றன. அங்கே ஒரு சிறு நினைவிடத்தைச் சுற்றி நீர் நிறைந்த நெகிழிக் குடுவைகள் குவிந்து கிடக்கின்றன. வழிப்போக்கர் சொல்லும் கதை இது: பனிக்காலம் தொடங்கும் வேளையில் ஒரு லாரி பழுதாகி நின்றது. ஓட்டுநர் உதவி தேடி நடந்துபோனார்; சரக்கைக் காக்கக் கிளீனர் லாரியிலேயே தங்கினார். பனி பெய்து சாலை மூடியது. பல நாள் கழித்து உதவியோடு திரும்பியபோது கிளீனர் குளிராலும் தாகத்தாலும் இறந்து கிடந்தார். அவருடைய ஆவி நீர் கேட்கிறது என்று நம்பி, அவ்வழி செல்வோர் குடுவை வைக்கின்றனர். கதை எந்த அளவுக்கு உண்மை என்பது இங்கே பொருட்டன்று. வண்டியோடு விட்டுச் செல்லப்பட்டவனுக்கு நீர் கொடுக்காமற் போன குற்றவுணர்வை ஒரு சாலை முழுவதும் சுமக்கிறது என்பதே பொருட்டு. சைக்கிளோட்டிகளும் அங்கே இறங்கி, குடுவை வைத்து, வணங்கி, படமெடுத்துச் செல்கின்றனர். இருபது அடி பின்னால் நின்ற வண்டியில் இருப்பவர் காலையிலிருந்து நீர் குடித்தாரா என்று அவர்களுள் எத்தனை பேர் கேட்டிருப்பர்?

பயணம் முடியும் விதமும் இம்மறைவை நிறைவு செய்கிறது. பல குழுக்கள் லேயோடு நிற்காமல் கர்துங் லா ஏறி முடிக்கின்றன. வெளியிலிருந்து வரும் வாடகை வண்டிகள் பயணிகளை லேயில் இறக்கலாம். அதற்குமேல் லடாக்கினுள் சுற்றுலா ஓட்டத்துக்கு உள்ளூர் வண்டிகளையே அமர்த்த வேண்டும் என்பதை அங்குள்ள வாடகைவண்டிச் சங்கத்தினர் நெடுங்காலமாக நிலைநாட்டி வருகின்றனர். அவர்களுடைய வாழ்வாதாரத்தைக் காக்கும் அம்முறையில் குறை காண இடமில்லை. விளைவு மட்டும் ஒன்று: பத்து நாள் உடன்வந்த ஓட்டுநர் வெற்றிப் படத்தில் இருக்கமாட்டார், அவர் அப்போது தனியே மணாலிக்குத் திரும்பிக்கொண்டிருப்பார். அந்தப் படத்தின் பின்னணியில் நிற்கும் பலகைகள் நெடுங்காலம் 18,380 அடி என்று உரைத்தன. அளவீடுகளின்படி கணவாயின் உயரம் 5,359 மீட்டர், அதாவது ஏறத்தாழ 17,580 அடி. மிகைப்படுத்திய எண்ணின் கீழ், குறைத்துக் காட்டிய குழு.

அவ்வாறெனில் ஆயத்தம் எவ்வாறு அமைய வேண்டும்?

முதலாவது, ஓட்டுநரைப் புறப்படும் நாளன்று அல்ல, திட்டமிடும் நாளன்றே அழைக்க வேண்டும். எந்த ஓடையில் பிற்பகலில் பனியுருகி நீர் பெருகும், எங்கே மண் சரியும் என்பதை அறிந்தவர் அவர். நாள்வாரித் திட்டத்தை மறுக்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும்.

இரண்டாவது, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளும் எந்த நாளுக்கும் இரண்டாம் ஓட்டுநர் வேண்டும். அதற்குப் பணமில்லை எனில் நாளின் தொலைவைக் குறைக்க வேண்டும். அதற்கும் விடுப்பில்லை எனில் அப்பயணத்துக்கு இன்னும் ஆயத்தம் முடியவில்லை என்று பொருள்.

மூன்றாவது, வண்டி சைக்கிளின் பின்னால் நாள் முழுவதும் ஊர்வதைக் கைவிட வேண்டும். பத்துக் கிலோமீட்டர் முன்னே சென்று பாதுகாப்பான திருப்பத்தில் நின்று, கடைசி ஆள் கடந்தபின் மீண்டும் முன்னேறும் முறையே நல்லது. உரையாசிரியர்கள் சூத்திரங்களின் போக்குக்குச் சொன்ன ‘தவளைப் பாய்த்து’ இங்கு நன்றாகப் பொருந்தும். கிளட்சு தேயாது, குறுகிய சாலையில் பின்வரும் லாரிகள் தேங்கா, ஓட்டுநர் அரைமணி கண்ணயரலாம்.

நான்காவது, கூடாரமோ அறையோ படுக்கையோ எண்ணும்போது அவரையும் சேர்த்து எண்ண வேண்டும். காலையும் மாலையும் ஆக்சிமீட்டர் சுற்றிவரும்போது அவருடைய விரலும் அதில் நுழைய வேண்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது அவருடைய பெயரும் இருக்க வேண்டும். குழுவில் வேறொருவரேனும் மலைச்சாலையில் வண்டி ஓட்ட வல்லவராகவும் உரிமம் உடையவராகவும் இருக்க வேண்டும். மயங்குபவர் ஓட்டுநராகவும் இருக்கலாம்.

ஐந்தாவது, தொடர்பு. வெளிமாநில முன்கட்டணச் சிம் அட்டைகள் லடாக்கில் இயங்குவதில்லை என்பதறிந்து சைக்கிளோட்டிகள் பின்கட்டண இணைப்போடு வருகின்றனர். ஓட்டுநரின் கையில் இருப்பது பெரும்பாலும் முன்கட்டண இணைப்பு. அவருடைய வீட்டாருக்கு அவர் எங்கிருக்கிறார் என்று தெரிவிக்கும் பொறுப்பு குழுவினுடையது.

ஆறாவது, வேலை நேரம், தங்குமிடம், திரும்பும் நாள்களின் கூலி, நோயுற்றால் செலவு ஆகியவை எழுத்தில், அவர் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும்.

வெற்றிப் படத்தில் இடமளிப்பதும் மேடையில் சால்வை போர்த்துவதும் இவற்றுக்கு மாற்றாகா. சால்வை குளிரைப் போக்கும். ஆனால் சர்ச்சுவின் இரவில் அன்றோ அது தேவைப்பட்டது.

ஆராய்ச்சியாளரும் மாணவரும் இதைச் சைக்கிள்காரரின் விவகாரம் என ஒதுக்க இயலாது. இந்திய மொழிகளின் முதற்பெரும் அளவாய்வு கிரியர்சன் என்னும் ஒருவரின் பெயரால் நிற்கிறது. ஊர் ஊராக மாதிரிகளைத் திரட்டித் தந்தோர் மாவட்ட அலுவலரும் அவர்க்குக் கீழிருந்தோருமே. இன்றும் களப்பணிக்குச் செல்லும் ஆய்வாளரை ஊருக்குள் அழைத்துச் செல்பவர், பேச்சைப் பெயர்ப்பவர், மழையில் ஜீப்பைத் தள்ளுபவர் ஆகியோர் ஆய்வேட்டின் நன்றியுரையில் ‘மற்றும் பலர்’ ஆகின்றனர். நிதிக் கோரிக்கையில் அவர்கள் ‘போக்குவரத்துச் செலவு’ என்னும் தலைப்பின் கீழ் வருகின்றனர். ‘துணை வண்டி – 1’ என்று எழுதும் கையும் அந்தத் தலைப்பை எழுதும் கையும் ஒரே பள்ளியில் பயின்றவை. களத்தில் யாரை எண்ணுவது, யாரை எண்ணாமல் விடுவது என்பதை ஒரு கோடைப் பயணத்தில் கற்றுக்கொள்ளும் மாணவர், அதை ஆய்வுக்குள்ளும் கொண்டுவருவார்.

ஆதலால் திருத்தம் பட்டியலிலேயே தொடங்கட்டும். முதல் வரியில் ஓட்டுநரின் பெயர், இரத்தப் பிரிவு, அவர் வீட்டுத் தொலைபேசி எண், இரவு அவர் உறங்குமிடம் ஆகியவை இடம்பெறட்டும். பம்பும் தார்ப்பாயும் அதன்பின் வரலாம்.